ஹோம்ஸ்டே நடத்த விரும்பும் பெண்களுக்கு முத்ரா கடன்

திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் வாழ்க்கைப்பட்ட பெண்களில் சிலருக்குப் பழவேற்காட்டுப் பக்கம் தாய்வீடு உண்டு. அங்கே பூநாரைகளையும் டச்சுக் கல்லறைகளையும் பார்க்க வருகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் சென்னை திரும்பிவிடுவதால், ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிக்கும், ஆக்கித்தரக்கூடிய இறால் தொக்குக்கும் கிடைக்க வேண்டிய வருமானம் கிடைக்காமலே போகிறது. வீட்டில் சும்மா கிடக்கும் ஓர் அறையை விருந்தினர் தங்கும் ஹோம்ஸ்டேயாகச் சீர்செய்தால் இந்த நிலை மாறும்.

அதற்கான முதலீட்டுப் பணத்தை, சிறுதொழில்களுக்கு வங்கிகள் வழியே கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் கேட்கலாம். 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் கடன் ஹோம்ஸ்டேக்களுக்கும் வழங்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. ரூ.50,000 வரை சிசு, ரூ.5 லட்சம் வரை கிஷோர், ரூ.10 லட்சம் வரை தருண் என்று கடன் வகைப்படும். தருண் கடனை வாங்கி முழுமையாக அடைத்தவர்கள் தருண் பிளஸ் என்ற நான்காவது வகையில் ரூ.20 லட்சம் வரை கேட்கலாம்.

பெண்கள் முக்கியமாக அறிய வேண்டியது, ரூ.10 லட்சம் வரையிலான இக்கடனுக்குச் சொத்துப் பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டியதில்லை என்பதே. நம் வீடுகளில் பட்டா பெரும்பாலும் அப்பா, அண்ணன், கணவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே வங்கி வாசலை மிதிக்காத அக்காமார் எத்தனையோ பேர். பட்டா யார் பெயரில் இருந்தாலும், தொழிலும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும். ஆதார், பான் எண்களைக் கொண்டு, சிறுதொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். வீட்டு உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் ஒன்று எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது.

விண்ணப்பத்துடன் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு, வாங்கப்போகும் பொருள்களுக்கான கொட்டேஷனும் வேண்டும். கட்டில், மெத்தை, தண்ணீர்த் தொட்டி, கழிவறைச் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் கடைக்காரரிடம் விலை எழுதி வாங்குங்கள். விரிப்பும் தலையணை உறையும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலேயே விசாரிக்கலாம். தொகையை வாய்க்கணக்காகச் சொல்வதைவிட இந்தத் தாள்களே மேலாளரிடம் உங்களுக்காகப் பேசும்.

முத்ராவில் மானியம் கிடையாது. வாங்கியதை வட்டியுடன் கட்டியாக வேண்டும். இடைத்தரகர் எவரும் நியமிக்கப்படவில்லை. ஆகவே, கமிஷன் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள்.

அறை தயாரானதும் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யும் முறையைக் கேட்டறியுங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். ஆறு அறைகளுக்கு மேல் விடக் கூடாது. டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை அரசின் குடிவரவு அதிகாரிகளுக்கு இணையவழியே சமர்ப்பிப்பது கட்டாயம்.