மணிக்கு 5 வெள்ளி

என் கைப்பேசியின் குறிப்புச் செயலியில் "மணிக்கு 5 வெள்ளி" என்று ஒரு வரி கிடக்கிறது. எழுதியது நான்தான். மணி என்ற ஆளுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளி தரவேண்டுமா, இல்லை பூப்பந்துத் திடலுக்கு ஒரு மணி நேர வாடகையா? சத்தியமாக நினைவில்லை.

இப்படிப்பட்ட துண்டுக் குறிப்புகளைத்தான் சில ஆய்வாளர்கள் தானமாகக் கேட்கிறார்கள். நாம் சொந்தத் தகவலை எப்படிச் சேர்த்துவைக்கிறோம், எப்படித் தேடுகிறோம், எப்படித் தொலைக்கிறோம் என்று பார்க்கும் துறை அது. 1983இல் தாமஸ் மலோன் என்ற ஆய்வாளர் அலுவலக மேசைகளை ஆராய்ந்தபோது, சிலர் கோப்பில் அடுக்குவதையும் சிலர் குவித்துவைப்பதையும் கண்டார். குவியல் வெறும் சோம்பல் இல்லை. கண்ணில் படுகிற தாள் வேலையை நினைவூட்டுகிறது. ஐஸ்பெட்டிக் கதவில் அம்மா காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் பலதுறை மருந்தக அட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

வாயால் கேட்டால் எல்லாரும் "ஒழுங்காத்தான் வச்சிருக்கேன்" என்பார்கள். அதனால் அசல் குறிப்பே வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லிஸ்ட்-இட் என்ற சிறு குறிப்புக் கருவியை உருவாக்கி, அதைப் பயன்படுத்திய 420 பேரை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். சிலர் எதையும் அழிப்பதில்லை, சிலர் வேலை முடிந்ததும் அழிக்கிறார்கள், சிலர் அவ்வப்போது ஒட்டுமொத்தமாகப் பெருக்கித் தள்ளுகிறார்கள், சிலர் ஒரே குறிப்பைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். நான் எந்த வகை என்று மேலே உள்ள வரியே காட்டிக்கொடுத்துவிட்டது.

சரி, கொடுத்தால் ஆபத்தில்லையா? இருக்கிறது. 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஏறக்குறைய 6,50,000 பேரின் இணையத் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஆய்வுக்காக வெளியிட்டது. அவர்கள் தேடிய சொற்களை வைத்தே பத்திரிகையாளர்கள் ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள்.

ஆகவே குறிப்புகளை முதலில் சல்லடையில் போட வேண்டும். எண்கள் சுலபம். நம் அடையாள அட்டை எண்ணில் ஓர் எழுத்து, 7 இலக்கம், கடைசியில் இன்னோர் எழுத்து. இலக்கங்களை வரிசையாக 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியிலிருந்து அந்தக் கடைசி எழுத்து வருகிறது. கணக்கு ஒத்துப்போனால் கணினி நிரல் அதை மறைத்துவிடும். 8 அல்லது 9இல் தொடங்கும் 8 இலக்கம் என்றால் கைப்பேசி எண். 6 இலக்க அஞ்சல் குறியீட்டையும் விட்டுவைக்கக் கூடாது. அடுக்குமாடி புளோக் என்றால் பல குடும்பங்களுக்குப் பொது, தரைவீடு என்றால் ஒரே குடும்பம்! ஆனால் 4 இலக்கம் மட்டும் இருந்தால் அது ஏதாவது ரகசிய எண்ணா, மாமா வாங்கிய 4டி லாட்டரி எண்ணா என்று நிரலுக்குத் தெரியாது.

பெயர்கள்தான் பெரும்பாடு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து ஓரளவு துப்புக் கொடுக்கும், தமிழில் அதுவும் இல்லை. மணி, செல்வி, ராணி எல்லாமே பெயர், எல்லாமே சொல். வேற்றுமை உருபு வேறு ஒட்டிக்கொள்கிறது. வெள்ளி இங்கே காசு, கிழமை, உலோகம். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து நடுவில் மலாய்ச் சொல்லும் போடுகிற நம் குறிப்புகள் போதுமான அளவு இல்லாமல் எந்த நிரலும் இதையெல்லாம் பழகாது. அதனால்தான் தேக்கா சந்தைக்கு எழுதிய சாமான் பட்டியலுக்குக்கூட மதிப்பு.

கொடுக்க நினைப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: எந்தத் தேதிவரை திரும்பப் பெறலாம்? பெயரையும் குறிப்பையும் இணைக்கும் பட்டியலை அழித்தபின் உங்களுடையது எது என்று அவர்களாலேயே தேடியெடுக்க முடியாது. அப்புறம், அடுத்தவர் விஷயம். மணி ஓர் ஆள்தான் என்றால் அவருக்கும் சேர்த்து நான் ஒப்புதல் தர முடியாது. அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் மற்றதைக் கொடுப்பேன்.