அயல்கூட்டம்: பக்கத்து வீடா, வெளியூரா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த கோயம்புத்தூர்ச் சித்தி மகள், நோட்டும் கையுமாகக் கிளம்பிய அம்மாவைப் பார்த்து, "அயல்கூட்டம் என்கிறீர்களே பெரியம்மா, வெளியூர்க்காரர்களா வருகிறார்கள்?" என்று கேட்டாள். அம்மா சிரித்துவிட்டார். கூட்டம் நடப்பது மூன்றாவது வீட்டில்.

அவள் கேட்டதில் பிழையில்லை. ‘அயல்’ என்றால் அருகு, பக்கம். ‘அண்டை அயல்’ என்பதில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. வேலிக்கு அப்பால் இருப்பவன் வேற்றாள் என்ற எண்ணமும் சொல்லில் ஏறி, இன்று அயல்நாடு, அயலுறவு, அயல்பணி என்று தமிழில் அது வெகுதூரம் போய்விட்டது. மலையாளத்தில் வேலியோரத்திலேயே நின்றுகொண்டது. அயல்காரன் என்றால் பக்கத்து வீட்டுக்காரன்தான்.

1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் பெண்கள்வழி வறுமை ஒழிப்புத் திட்டத்தின் அடித்தட்டு இந்த அயல்கூட்டம். வீட்டுக்கு ஒரு பெண்ணாக 10 முதல் 20 பேர், சேமிப்பு, சிறுகடன். இதற்கு மேலே வார்டுக்கு ஏ.டி.எஸ். (பகுதி வளர்ச்சிச் சங்கம்), ஊராட்சிக்கு சி.டி.எஸ். (சமூக வளர்ச்சிச் சங்கம்).

ஆனால் சேமிப்போடு கதை முடிவதில்லை. கேரளத்தில் கிராம சபை வார்டுதோறும் கூடும். வாக்காளர்களில் 10 விழுக்காட்டினர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள்கணக்கு. ஆளைத் திரட்டுவது கட்சிக்காரர் வேலை என்பார்கள். எங்கள் தெருவில் அந்த நூல் இற்றுப்போனது. ஓட்டு இங்கே, பேச்செல்லாம் சென்னை அரசியல். பூத் சிலிப் கொடுக்க வந்தவரை அடுத்த தேர்தலில்தான் மறுபடி பார்ப்போம். கிராம சபை நோட்டீஸ் மலையாளத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை அயல்கூட்டத்தில், வசூல் எண்ணி முடித்ததும், அம்மா அதைத் தமிழில் படித்துச் சொல்வார். வீட்டு மானியப் பட்டியல் வருகிறது என்ற வரியை மட்டும் இரண்டு முறை. சபையன்று பள்ளிக்கூட பெஞ்சுகளில் பெரும்பாலும் இந்தப் பெண்கள்தான்; ஆண்கள் வாசலோடு சரி. போகாவிட்டால் கடன் கிடைக்காதோ என்ற பயமும் அவர்களை நடத்துகிறது, மறுக்க மாட்டேன்.

தமிழில் என்ன சொல்வது? ‘சுய உதவிக் குழு’ என்பதில் பக்கத்து வீடு இல்லை. ‘அண்டை வீட்டார் குழு’வில் அரசாணை வாடை. ‘அக்கம்பக்கக் குழு’ யாருக்கும் புரியும், செய்திக்கு அது போதும். எனக்குப் பிடித்தது ‘அயற்கூட்டம்’. கல்லும் கோயிலும் சேர்ந்து கற்கோயில் ஆவதுபோல.

அம்மாவின் நோட்டு அட்டையில் ‘அயல்கூட்டம்’ என்றே இருக்கிறது. ‘ற்’ போடச் சொன்னேன். இந்த நோட்டு தீரட்டும் என்றார்.