கறுத்துப்போன வேப்பமரமும் அடியில் இருந்த சிமெண்டும்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயிலிலிருந்து அழைப்பு. "தம்பி, வேப்பமரம் கறுத்துப்போச்சு, வந்து மருந்து அடிச்சுட்டுப் போங்க" என்றார் ஒரு பெரியவர்.

போய்ப் பார்த்தால் இலையெல்லாம் புகை படிந்த மாதிரி, கீழே நின்ற கார்களின் கண்ணாடியில் பிசுபிசுப்பு. கிளையை நகத்தால் சுரண்டினேன், சின்னச் சின்னப் பழுப்புக் கொப்புளங்கள் உரிந்து வந்தன. செதில் பூச்சி. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, மிச்சத்தை இனிப்பு நீராக வெளியே விடும். அதன்மேல் வளர்வதுதான் அந்தக் கறுப்புப் பூஞ்சணம். இனிப்புக்காக வரும் எறும்பு அந்தப் பூச்சிக்கே காவலும் நிற்கும்.

நான் அவருக்குத் தரையைக் காட்டினேன். கார் நிறுத்தச் சிமெண்ட் போட்டிருந்தார்கள், மரத்தின் அடி வரைக்கும். மழைத் தண்ணீர் முழுக்கக் கால்வாய்க்கு ஓடுகிறது, வேருக்கு இறங்குவதில்லை. தாகத்தில் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. பூச்சிக்கோ உடம்புச் சூடு வெளிச்சூட்டைப் பொறுத்தது, வெப்பம் ஏறினால் பல இனங்கள் வேகமாக வளர்ந்து பெருகும். அமெரிக்காவின் ராலே நகரில் வில்லோ ஓக் மரங்களில் ஒருவகைச் செதில் பூச்சியை எண்ணிப் பார்த்தார்கள், 2013-இல் வெளியான ஆய்வு அது. நகரின் வெப்பமான பகுதிகளில் குளிர்ந்த பகுதிகளைவிட 13 மடங்கு வரை அதிகம், இத்தனைக்கும் வெப்ப வித்தியாசம் சில டிகிரிதான். நம் ஊரிலும் கித்தாக் காட்டை, அதாவது ரப்பர் தோட்டத்தை, அழித்துத் தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பு கட்டிய பக்கம் மத்தியானம் நடந்து பாருங்கள், இன்னும் கித்தா நிற்கும் பக்கத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உடம்பிலேயே தெரியும்.

பார்த்ததும் மருந்து அடிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மெழுகு மூடிய முதிர்ந்த பூச்சியை மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் தொடாது, அதைத் தின்னும் பொறிவண்டையும் அதற்குள் முட்டையிடும் குட்டிக் குளவியையும்தான் முதலில் கொல்லும். அப்புறம் பூச்சி இன்னும் பெருகும்.

உங்கள் மரத்தடியிலிருந்து நாலு பக்கமும் 25 காலடி எடுத்து வைத்துப் பாருங்கள், அந்த நூறில் எத்தனை காலடி சிமெண்டிலும் தாரிலும் விழுகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் போனால் மரத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

கோயிலில் அடியைச் சுற்றி ஆறடிக்குச் சிமெண்டை உடைத்தோம், காய்ந்த இலையைப் பரப்பினோம், மோசமாகப் பூச்சி பிடித்த சிறு கிளைகளை வெட்டினோம். சாயங்காலம் மெதுவாகத் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கார்களுக்கு இடம் போயிற்று. பெரியவர் அதற்குச் சம்மதித்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.