கீவேர்டு: யாருக்கு முக்கியமான வார்த்தை?

போன வாரம் ஒரு கட்டுரைக்கான குறிப்புத்தாள் வந்தது. நகராட்சிக்கு வரி கட்டுவது பற்றி எழுத வேண்டும். தாளின் தலையில் கொட்டை எழுத்தில், ‘முக்கிய வார்த்தை: சொத்து வரி. 12 இடங்களில் வர வேண்டும்’ என்று இருந்தது. மாதிரிக்கு என்று ஒரு பத்தியும் இணைத்திருந்தார்கள். ‘சொத்து வரி என்பது சொத்துக்கான வரி ஆகும். சொத்து வரி கட்ட வேண்டியவர்கள் சொத்து வரி பற்றித் தெரிந்துகொண்டு சொத்து வரி கட்டுவது நல்லது.’ இரண்டே வாக்கியத்தில் நாலு தடவை வந்துவிட்டது. எந்த அரையாண்டுக்கு, எந்தத் தேதிக்குள், எங்கே போய்க் கட்டுவது என்பதுதான் இல்லை.

எழுதியவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கூகுள் மாதிரித் தேடுபொறியில் நாம் தட்டுகிற ‘கீவேர்டு’ என்பதை ‘முக்கிய வார்த்தை’ என்று மொழிபெயர்த்து வைத்தவருக்கும் இந்தக் கூத்தில் பாதிப் பங்கு உண்டு.

கீ என்றால் சாவி. சங்கேதத்தைப் பிரித்துப் படிக்க உதவும் சொல் என்று ஆங்கிலத்தில் புழங்கியது, அப்புறம் நூலகத்துக்குள் நுழைந்தது. 1950களின் கடைசியில் ஐபிஎம் கணினி நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன், கட்டுரைத் தலைப்புகளில் உள்ள சொற்களைக் கணினியைக் கொண்டே அகரவரிசையில் அடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வருகிறவர் தலைப்பில் உள்ள எந்தச் சொல்லை நினைத்துக்கொண்டு வந்தாலும் கட்டுரை அவர் கையில் அகப்பட வேண்டும், அதுதான் நோக்கம். தேடுபொறிகள் வந்த பிறகு, பெட்டியில் நாம் தட்டுகிற சொல்லே கீவேர்டு ஆகிவிட்டது. வரலாறு இவ்வளவு போதும்.

இதில் முக்கியம் எங்கே இருக்கிறது? கீவேர்டு என்பது தேடுகிறவரின் வாயிலிருந்து வருவது. ‘முக்கிய வார்த்தை’ என்றதும் அது எழுதுகிறவரின் சொத்து ஆகிவிடுகிறது. நமக்கு முக்கியம் என்றால் திரும்பத் திரும்பச் சொல்லத்தானே செய்வோம்? மாநகராட்சி ரசீதில் ‘சொத்து வரி’ என்றுதான் இருக்கும். ஆனால் எங்கள் தெருவில் யாரும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. ‘வீட்டு வரி கட்டியாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். கிராம ஊராட்சிகளில் ரசீதிலேயே வீட்டு வரிதான். அந்தச் சொல் மாதிரிப் பத்தியில் ஒரு தடவைகூட இல்லை.

பழைய பதிப்புகளின் கடைசியில் ‘செய்யுள் முதற்குறிப்பு அகராதி’ என்று ஒன்று இருக்கும். பாட்டின் முதல் சொற்களை வைத்து அகரவரிசை. ஏன் முதல் சொற்கள்? படிக்கிறவர் மனதில் தங்குவது அதுதான். புறநானூற்றின் 192ஆம் பாட்டை ‘யாதும் ஊரே’ என்று சொல்லித்தான் எல்லோரும் தேடுவோம். கணியன் பூங்குன்றனார் அந்தப் பாட்டில் கட்டி எழுப்புவதோ ஆற்றோடு போகும் புணையை (தெப்பத்தை), முறைவழியே போகும் உயிரை. பாட்டுக்கு முக்கியமான சொல் எது என்று என்னைக் கேட்டால் புணை என்பேன். ஆனால் ‘புணை’ என்று தேடி எத்தனை பேர் வருவார்கள்? அகராதி போட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

சரி, ‘முக்கிய வார்த்தை’ வேண்டாம் என்பவர்கள் கையில் எடுப்பது ‘திறவுச்சொல்’. இதோடுதான் எனக்குப் பெரிய சண்டை. அவர்கள் வாதம் எளிது: சாவி போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது, திறவுகோல் தமிழ், ஆகவே திறவுச்சொல். சாவியைத் தமிழாக்கியது சரி, கீவேர்டைத் தமிழாக்கவில்லையே! இன்றைய பொருளில் எந்தப் பூட்டும் கிடையாது, எதுவும் திறப்பதும் கிடையாது. திறவுச்சொல் என்றதும் எனக்குக் குகை வாசலில் நிற்கும் அலிபாபாதான் ஞாபகம் வருகிறார். போதாததற்கு, பாஸ்வேர்டுக்குக் கடவுச்சொல் என்ற நல்ல சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. கடவு என்றால் வழி, திறவு என்றால் திறப்பு. இரண்டையும் வாசலிலேயே நிறுத்தினால் படிக்கிறவர் என்ன செய்வார்?

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒரு நூலகத்தின் இணையப் பட்டியலில் ‘திறவுச்சொல்லை உள்ளிடுக’ என்று பெட்டி வந்ததும் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, எனக்கு இவங்க திறவுச்சொல் எதுவும் குடுக்கலையே. பதிவு பண்ணாத்தான் குடுப்பாங்களா?” நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவருக்கே புரியாத தூய தமிழ் யாருக்காக? “ஐயா, தேட வேண்டியதை அடிங்க” என்றேன். அடித்தார், புத்தகம் வந்தது.

ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்துக்குக் கீழே ஆசிரியரே தரும் ஐந்தாறு சொற்களுக்குத் திறவுச்சொற்கள், முக்கியச் சொற்கள் எதையும் வைத்துக்கொள்ளுங்கள். அவை ஆசிரியருடைய சொற்கள், ஆட்சேபம் இல்லை. பதிவின் கீழே ஒட்டுகிற குறிச்சொல் (டேக்) வேறு. அதையும் இதில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

நான் எழுதுவது ‘தேடுசொல்’. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை: நேற்றுத் தேடிய சொல், இன்று தேடுகின்ற சொல், நாளை தேடும் சொல், மூன்றும் அதற்குள் அடக்கம். தேடுபொறிக்குப் பக்கத்தில் உறவு மாதிரி உட்காரும். வினைத்தொகையில் ஒற்று மிகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ‘தேடுச்சொல்’ என்று எழுதி வைத்தவர்களையும் பார்த்துவிட்டேன்.

ஒற்று என்றதும் இன்னொரு தலைவலி. ‘பிறப்புச் சான்றிதழ்’ என்பதே சரி, ஆனால் தட்டச்சு செய்கிறவர்களில் பலர் ‘பிறப்பு சான்றிதழ்’ என்றுதான் தேடுகிறார்கள். தேடுசொல் அவர்களுடையது என்று சொல்லிவிட்டு ஒற்றை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருக்கலாமா? நியாயப்படி கூடாதுதான். கை வரவில்லை.

கட்டுரையில் கீவேர்டைத் திணிப்பவர்கள் யாரைத் திருப்திப்படுத்த எழுதுகிறார்கள் என்பதும் தெரியவில்லை. பக்கத்தின் நிரலுக்குள், படிக்கிறவர் கண்ணில் படாமல் கீவேர்டுகளை எழுதி வைக்க ஓர் இடம் உண்டு. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. கட்டுரைக்குள் ஒரே சொல்லைத் திணிப்பதையோ குப்பை வேலைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பொறிக்கே வேண்டாததை அதன் பெயரைச் சொல்லி மனிதர்களுக்குப் பரிமாறுகிறோம்.

குறிப்புத்தாளுக்கு வருகிறேன். தலைப்பில் ‘வீட்டு வரி’ என்று வைத்தேன். முதல் பத்தியிலேயே, ரசீதில் இதைச் சொத்து வரி என்று போட்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, தேதி, இடம், கையில் இருக்க வேண்டிய பழைய ரசீது என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: “நல்லா வந்திருக்கு சார். ஆனா முக்கிய வார்த்தை ஏழு இடத்துலதான் இருக்கு. இன்னும் அஞ்சு சேர்த்துக் குடுத்துடுங்க.”