சரவிளக்கு மின்ன வேண்டுமென்றால் முதலில் மின்குமிழைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் புதிதாக எழும்பும் மேல்மாடி வீடுகள் பலவற்றில் ஹோலுக்கு நடுவே ஒரு சரவிளக்கு தொங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் பக்குவமாகப் பொதி செய்து கொண்டு வந்ததாக இருக்கும், அல்லது கொழும்பில் வாங்கியதாக இருக்கும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் குடிபூரலுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்ததோடு சரி. பிறகு வீட்டுக்காரரே அதைக் கவனிப்பதில்லை. வெளிச்சம் தருகிறது, மின்னுவதில்லை. கடையில் ஜொலித்த அதே விளக்கு வீட்டில் ஏன் சப்பென்று கிடக்கிறது? பெரும்பாலும் பிழை கண்ணாடியில் இல்லை. உள்ளே பூட்டிய குமிழிலும் மாட்டிய இடத்திலும்தான் இருக்கிறது.

சரவிளக்கு மெழுகுதிரிக் காலத்துப் பொருள். ஒரு மெழுகுதிரி தரும் ஒளி சுமார் 12 லூமென். இன்றைய 9 வாட் எல்இடி குமிழ் ஒன்று 800 லூமென் அளவில் தருகிறது, அதாவது அறுபதுக்கு மேற்பட்ட மெழுகுதிரிகளின் ஒளி. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு அந்த 12 லூமெனின் அருமை தெரியும். ஐரோப்பிய மாளிகைகளில் சுடர்களைச் சுற்றிப் பட்டை வெட்டிய கண்ணாடித் துண்டுகளைத் தொங்கவிட்டார்கள். கண்ணாடி ஒளியைக் கூட்டாது. கொஞ்சம் விழுங்கத்தான் செய்யும். ஆனால் ஒரே சுடரைப் பத்து இருபது இடங்களில் எரிவதுபோலக் காட்டும். அறையை வெளிச்சமாக்குவது அதன் உபதொழில்தான்.

இதற்குள் நடக்கும் பௌதிகம் சாதாரண தரத்துக்குப் படித்ததுதான். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளி முறிவடைகிறது. சாதாரணக் கண்ணாடியின் முறிவுச்சுட்டி, அதாவது ஒளியை வளைக்கும் திறனைக் காட்டும் எண், 1.52 அளவில். உள்ளே போன கதிர் பின்முகத்தில் 41 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் பட்டால் வெளியே போகாது. அந்தப் பின்முகம் முகம் பார்க்கும் கண்ணாடிபோலாகி அதை அப்படியே திருப்பி அனுப்பும். இது முழு உட்தெறிப்பு. பாதரசப் பூச்சோ வெள்ளிப் பூச்சோ இல்லாமல் பளிங்கு என்று சொல்லும் அந்தக் கண்ணாடித் துண்டின் உள்முகங்கள் பளபளப்பது இதனால்தான். வெளியேறும்போது அரியத்தில் நடப்பதுபோல நிறங்கள் பிரிகின்றன. ஊதா கூடுதலாக வளையும், சிவப்பு குறைவாக வளையும். கண்ணாடியில் ஈய ஒட்சைட்டு சேர்ந்தால் முறிவும் நிறப்பிரிவும் கூடும், வெட்டிப் பட்டை தீட்டவும் இலகு. இங்கிலாந்தில் ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொஃப்ட் 1674இல் ஈயக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார்; பளிங்குச் சரவிளக்கின் புகழ் பிறகு வந்தது.

இனி குமிழுக்கு வருவோம். சாதாரணக் கண்ணாடியாலான 60 பாகை அரியம் ஒன்று சிவப்பையும் ஊதாவையும் பிரித்து விரிப்பது சுமார் ஒன்றரைப் பாகை அளவுக்குத்தான். பால் வெள்ளைக் கோளமுள்ள எல்இடி குமிழ் 6 சென்ரிமீற்றர் அகலம் என்று வையுங்கள். 20 சென்ரிமீற்றர் தள்ளித் தொங்கும் பளிங்குக்கு அது 17 பாகை அகலமான ஒளித்தட்டாகத் தெரியும். அந்தத் தட்டின் ஒவ்வொரு புள்ளியும் தனக்கென ஒன்றரைப் பாகை நிறப்பட்டையை விரிக்கிறது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறுபடி வெள்ளையாகிவிடுகின்றன. நிறம் பிரிந்தும் பயனில்லை.

அதே இடத்தில் தெளிந்த கண்ணாடிக் குமிழைப் பூட்டுங்கள், உள்ளே மெல்லிய இழை தெரிகிற ஃபிலமென்ட் எல்இடி வகை. இழையின் தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றர் என்றால் பளிங்குக்கு அது அரைப் பாகைக்குள் அடங்கும். இப்போது நிறங்கள் தனித்தனியே நிற்கும். தலையைச் சற்று அசைத்தால் ஒரு பட்டையில் சிவப்பு போய்ப் பச்சை வரும், பிறகு நீலம். வானத்தில் சூரியனின் அகலமும் அரைப் பாகைதான். காலை வெயில் யன்னலால் வந்து படும்போது, அணைந்து கிடக்கும் சரவிளக்கு சுவரெல்லாம் வானவில் துண்டுகளைத் தெளிப்பது அதனால்தான். இரவில் தர முடியாததைப் பகலில் இலவசமாகத் தருகிறது!

கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கல் பதித்த நகைக்கு மேலே அவர்கள் போடுவது சின்னஞ்சிறிய, கூர்மையான வெளிச்சம்.

ஆகவே பெரும்பாலான சரவிளக்குகளில் உள்ள சின்னத் திருகு வாய்க்கு, அதாவது இ14 அளவுக்கு, தெளிந்த குமிழாகக் கேளுங்கள். நிறம் 2700 கெல்வின் மஞ்சள் சாயல். நம்மவர்களுக்கு 6500 கெல்வின் வெள்ளை என்றால்தான் வெளிச்சம். குசினிக்குச் சரி, சரவிளக்குக்கு வேண்டாம். பெரும்பாலான வெள்ளை எல்இடிகளில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒளி குறைந்த பள்ளம் ஒன்று உண்டு; குளிர் வெள்ளையில் நீலம் மட்டும் தூக்கலாக நின்று வானவில்லை ஒருபக்கம் சாய்த்துவிடும்.

கண்ணாடியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கடையில் ‘கே9 கிரிஸ்டல்’ என்பார்கள். கே9 என்பது ஒருவகை ஒளியியல் கண்ணாடியின் சீனப் பெயர். ஈயம் கிடையாது, முறிவுச்சுட்டி 1.52க்குச் சற்றுக் குறைவு. தெளிவானது, பட்டை கூராக வெட்டியிருந்தால் தாராளமாக வாங்கலாம். கவனமாக இருக்க வேண்டியது அக்ரிலிக்கிடம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: கண்ணாடி குளிரும், அக்ரிலிக் அவ்வளவு குளிராது, கையில் பாரமும் இராது. மின்னுவதும் குறைவு. தூசை இழுத்து வைத்துக்கொள்ளும், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும்.

எங்கே மாட்டுவது? மினுக்கம் தெரிய வேண்டுமானால் பின்னணி சற்று இருண்டிருக்க வேண்டும். வெள்ளைச் சுவர், வெள்ளை மாபிள், சீலிங் நிறையப் பதித்த லைட்டுகள், நடுவில் சரவிளக்கு என்றால் கண்ணுக்கு எதைப் பார்ப்பதென்றே தெரியாது. மற்ற விளக்குகளுக்குத் தனி சுவிச் வையுங்கள். வயரிங் செய்யும்போதே சொல்லாவிட்டால் பிறகு சுவரை வெட்ட வேண்டி வரும்.

அடுத்தது ஃபான். எங்கள் வெக்கைக்கு அது இல்லாமல் முடியாது. மூன்று இதழ் ஃபான் நிமிடத்துக்கு 300 தரம் சுற்றினால், அதற்கு மேலே இருக்கும் விளக்கை செக்கனுக்கு 15 தரம் வெட்டும். அந்தத் துடிப்பு கண்ணை உறுத்தும், சிலருக்குத் தலையிடியே வரும். காற்று நேரே பட்டால் பளிங்குகள் ஒன்றோடொன்று மோதி விளிம்பு உதிரும். யன்னல் காற்றில் இலேசாக ஆடுவது நல்லது, மினுக்கம் அந்த அசைவில்தான் உயிர் பெறும். ஃபான் காற்று வேண்டாம். ஹோலின் நடுவை விளக்குக்குக் கொடுத்து, ஃபான்களை இரு பக்கமும் தள்ளுவது என் தெரிவு.

உயரத்துக்குக் கணக்கு எளிது. ஆள் நடக்கும் இடத்தில் விளக்கின் அடிக்குக் கீழே 7 அடி விட வேண்டும். பத்தடி உயர அறையில் சங்கிலியோடு சேர்த்து மிஞ்சுவது 3 அடிதான், ஆகவே மூன்றடுக்கு விளக்கை வாங்கி மாட்டிவிட்டுத் தலையைக் குனிந்து நடக்காதீர்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலே என்றால் மேசையிலிருந்து 30 முதல் 36 அங்குலம். இருக்கும் ஆளின் கண் நிலத்திலிருந்து ஏறக்குறைய 4 அடியில். இந்த உயரத்தில் குமிழ் கண்ணில் குத்தாது, எதிரில் இருப்பவரின் முகத்தையும் மறைக்காது. அகலத்துக்கு, அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டி அங்குலமாக எடுப்பார்கள்: 14க்கு 16 அடி அறையென்றால் 30 அங்குலம். இது பௌதிகமல்ல, அலங்காரக்காரரின் கைக்கணக்கு. ஆனாலும் பெரும்பாலும் பொருந்துகிறது. படுக்கையறைக்கு வேண்டாம், மல்லாந்து படுப்பவரின் கண்ணுக்கு நேரே கூர்மையான குமிழ் நிற்கும்.

பாரம் முக்கியம். பிளேட் போட்ட வீடென்றால் கொங்கிரீட்டோடு வைத்த கொளுக்கியில் மாட்டலாம். ஓட்டு வீட்டில் தீராந்தியிலிருந்து இறக்க வேண்டும், கீழே அடித்த சீலிங் தகட்டை ஒருபோதும் நம்பக் கூடாது. மாடிப்படிக்கு மேலே இரட்டை உயரத்தில் தொங்கவிடுகிறவர்கள் இறக்கி ஏற்றும் கப்பியையும் சேர்த்தே வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு குமிழ் போனாலும் சாரம் கட்ட வேண்டும்.

குடாநாட்டில் கடலோ கடனீரேரியோ எந்த வீட்டுக்கும் அதிக தூரமில்லை. சோளகம் வீசும் மாதங்களில் காற்றோடு உப்பும் வந்து படியும். ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே உலோகத்தின் மேல் ஈரப்படலம் காயாமலே கிடக்கிறது. முதலில் போவது சட்டமல்ல, பளிங்குகளைக் கோத்திருக்கும் மெல்லிய கம்பி வளையங்கள். வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். ஒட்டினால் பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் இரும்புதான், பித்தளையில் ஒட்டாது.

கழுவுவதிலும் எங்கள் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல். சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர் காயும்போது கல்சியம் காபனேற்றை விட்டுச் செல்கிறது, கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் பொருக்கு. பளிங்கின் பின்முகத்தில் அது ஒட்டினால் முழு உட்தெறிப்பு குலைந்து ஒளி சிதறும். துப்புரவாகக் கழுவிய விளக்கு முன்பைவிட மங்கலாகத் தெரிவது இதனால்தான். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவுங்கள், கடைசி அலசலுக்கு பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீர் இன்னும் நல்லது. மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, பளிங்குகளைக் கழற்றி, பருத்தித் துணியால் துடையுங்கள். ஏற்கெனவே வெள்ளை பிடித்திருந்தால் தண்ணீர் கலந்த வினாகிரி கரைக்கும். ஆனால் அதைக் கண்ணாடிக்கு மட்டும் காட்டுங்கள். பொன் பூச்சுப் போட்ட உலோகத்தில் பட்டால் பூச்சு கெட்டுவிடும்.