கரண்ட் (ரேடியேஷன்) வைக்கிறதுக்கு முன்னாடி பல் கிளியரன்ஸ் கேக்கறாங்க, காப்பீட்டு கார்டு பல்லுக்குச் செல்லுமா?

நேரா விஷயத்துக்கு வரேன். வாய்ல தொண்டைல கேன்சர் வந்து ரேடியேஷனுக்கு எழுதிக் கொடுத்தவங்க, டயாலிசிஸ் போய்ட்டு இருக்கறவங்க, ஹார்ட் வால்வு மாத்தினவங்க, மாத்தப் போறவங்க, இவங்க எல்லாருக்கும் பல் வைத்தியம் அந்தப் பெரிய வைத்தியத்துலயே ஒரு பாகம். பல்லைப் பார்த்தாச்சு, ஆரம்பிக்கலாம்னு பல் டாக்டர் எழுதிக் கொடுக்கறதுதான் பல் கிளியரன்ஸ். சாதாரண ஆளுக்குப் பார்க்கற மாதிரி வந்தாங்களா ஊசி போட்டமா புடுங்கினமான்னு இவங்களுக்குப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனா கார்டு வேலை ஒரு கவுன்டர்ல, பல் டிபார்ட்மென்ட் வேற பில்டிங்ல, வியாதியைப் பார்க்கற டாக்டர் இன்னொரு பக்கம். நடுவுல ஃபைலைத் தூக்கிட்டு ஓடறது நோயாளியோட பொண்டாட்டியோ மகளோதான். இதை ரொம்பப் பார்த்துட்டேன், அதான் எழுதறேன்.

திட்டத்தைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். தமிழ்நாட்டுல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018ல இருந்து மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத்தோட சேர்ந்து ஓடுது, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம். நல்லா கவனிங்க, ஆளுக்கு 5 லட்சம் இல்ல, குடும்பத்துக்கு மொத்தமா. அப்பாவுக்கு பைபாஸ் பண்ணின அதே வருஷம் அம்மாவுக்கு கேன்சர்னா மிச்சம் இருக்கற தொகைதான் அம்மாவுக்கு.

முதல் சிக்கல் வருமானம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், அதாவது மாசம் பத்தாயிரம். இதுல என்ன நடக்குதுன்னா விஏஓ கிட்ட வருமானச் சான்றுக்குப் போறப்ப, அவர் என்ன வேலைன்னு கேப்பார், இவங்க கொத்தனார்னு சொல்லுவாங்க, அவர் மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டு மாசம் பன்னிரண்டாயிரம்னு வச்சு 1,44,000னு எழுதிடுவார். அந்த ஆள் மழை பெஞ்சா வேலை இல்லாம வீட்ல இருக்கறவர், வியாதி வந்ததுக்கு அப்புறம் வேலைக்கே போகாதவர், அதெல்லாம் அந்தப் பேப்பர்ல வராது. அந்த ஒரு நம்பர்ல கார்டு போச்சு. அதனால விஏஓ கிட்ட பேசும்போதே இப்ப வேலைக்குப் போகல, ட்ரீட்மென்ட்ல இருக்கார்னு சொல்லி ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டுங்க. பொய் சொல்லச் சொல்லல, உண்மையை முழுசா சொல்லுங்கன்னுதான் சொல்றேன். பேப்பர் கைக்கு வந்த உடனே தொகை என்ன போட்டிருக்குன்னு அங்கயே நின்னு படிங்க, காப்பீட்டு கார்டு போடற கலெக்டர் ஆபீஸ் கவுன்டர் வரைக்கும் போய் அங்க அவங்க படிச்சு சொல்லித் தெரிஞ்சுக்காதீங்க.

இரண்டாவது ரேஷன் கார்டு. நோயாளி பேரு அதுல இருக்கணும். கல்யாணம் ஆன பொண்ணு பேரு இன்னும் அம்மா வீட்டு கார்டுலயே கிடக்கும், புருஷன் வீட்டு காப்பீட்டு கார்டுல தேடினா வராது. ஆதார்ல செல்வி, ரேஷன்ல தமிழ்ச்செல்வி, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ல எஸ். செல்வின்னு இருந்தா மூணும் ஒரே ஆள்தான்னு கம்ப்யூட்டருக்கு யார் சொல்றது? வியாதி தெரிஞ்ச அன்னைக்கே இந்த மூணு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, வித்தியாசம் இருந்தா இ-சேவை மையத்துக்கு வீட்ல இருக்கற வேற ஒருத்தரை அனுப்பிடுங்க, நோயாளியை இழுத்துட்டு அலையாதீங்க.

மூணாவது, ஆஸ்பத்திரி வாசல்ல காப்பீட்டுத் திட்டம் போர்டு இருக்குங்கறதுக்காக எல்லா வைத்தியத்துக்கும் அங்க கார்டு செல்லும்னு அர்த்தம் இல்ல. எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கோ அதுக்கு மட்டும்தான். எலும்பு ஆபரேஷனுக்கு இருக்கும், ரேடியேஷனுக்கு இருக்காது. அட்மிஷன் போடறதுக்கு முன்னாடி கேட்டுடணும். முன் அனுமதி, அதாவது அப்ரூவல் வராம முதல்ல கைக்காசு கட்டுங்க அப்புறம் கார்டுல வாங்கிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இது காசில்லாம வைத்தியம் பார்க்கற திட்டம், பில் கட்டிட்டு திரும்ப வாங்கற திட்டம் இல்ல.

இப்ப பல்லு. கார்டுல பல்லுக்கு என்ன உண்டுன்னா, அட்மிட் ஆகிப் பண்ற தாடை ஆபரேஷன், தாடை எலும்பு முறிவு மாதிரியான வேலைக்கு உண்டு. சொத்தை அடைக்கறது, ரூட் கெனால், அட்மிட் ஆகாம ஓபில உக்காந்து பல் எடுக்கறது இதுக்கெல்லாம் கிடையாது. ரேடியேஷன் டாக்டரே எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பல் எடுக்கற வேலை ஓபி வேலைதான், கார்டைத் தூக்கிட்டு பிரைவேட் பல் கிளினிக்குக்குப் போனா ஒண்ணும் நடக்காது. கேன்சருக்கு லட்சக்கணக்குல கொடுக்கற திட்டம், அந்த வைத்தியம் ஆரம்பிக்கவே தடையா நிக்கற ரெண்டு சொத்தைப் பல்லுக்குக் கொடுக்காது. யார் யோசிச்ச விதியோ.

அப்ப எங்க போறது? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, பல தாலுகா ஆஸ்பத்திரி இங்கெல்லாம் பல் பிரிவு இருக்கு, காசு கிடையாது, கார்டும் தேவையில்ல. சிக்கலான கேஸ்னா சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி. பிரைவேட்ல கார்டுல ரேடியேஷன் எடுக்கறவங்களும் பல்லை மட்டும் அரசு ஆஸ்பத்திரில காட்டி எழுதி வாங்கிட்டு வரலாம், அதுல ஒரு தப்பும் இல்ல.

ஏன் பல்லை முதல்லயே பார்க்கணும்னா, தாடைப் பக்கம் கரண்ட் வச்சதுக்கு அப்புறம் அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு போய்டும், அதுக்கு அப்புறம் பல் எடுத்தா புண் ஆறாம எலும்பே செத்துப் போகலாம், அஞ்சு வருஷம் கழிச்சு எடுத்தாலும் அந்த ஆபத்து அப்படியே இருக்கும். அதனால எடுக்க வேண்டிய பல்லை முன்னாடியே எடுத்துட்டு புண் ஆறறதுக்கு ரெண்டு வாரம் போல விட்டு அப்புறம்தான் கரண்ட் ஆரம்பிப்பாங்க. இந்த ரெண்டு வாரத்தைத்தான் ஆபீஸ் விளையாட்டு தின்னுடுது. பல் டாக்டர் கேக்கறார், ரேடியேஷன் எந்தப் பக்கம், எவ்வளவு, எப்ப ஆரம்பம்? கேஸ் ஷீட்ல ஒரு மூலைல பேனாவால டென்டல் ஒப்பீனியன்னு ரெண்டே வார்த்தை கிறுக்கியிருக்கும், வேற ஒண்ணும் இருக்காது. போய் கேட்டுட்டு வாங்கம்மான்னு அனுப்பிடுவார். ரேடியேஷன் டாக்டர், பல் கிளியரன்ஸ் வந்தாத்தான் தேதின்னு சொல்லுவார். அதுக்குள்ள ஓபி டைம் முடிஞ்சிருக்கும், மறுநாள் புது சீட்டு, இப்படியே கட்டி வளர்ந்துட்டு இருக்கும்.

இதுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். ரேடியேஷன்னு டாக்டர் வாய்ல வந்த அன்னைக்கே, அந்த ரூமை விட்டு வெளில வர்றதுக்கு முன்னாடி, சார் பல் டாக்டருக்கு எந்த இடத்துல கரண்ட், தோராயமா எந்த வாரம்னு சீட்டுல எழுதிக் கொடுங்கன்னு கேளுங்க. ரெண்டு வரி போதும். அதே மாதிரி பல் டாக்டர் கிட்ட, பல் எடுத்த தேதி, எத்தனை நாள் கழிச்சு ஆரம்பிக்கலாம், இது ரெண்டையும் எழுதி சைன் வாங்குங்க, வாய்ல சொன்ன கிளியரன்ஸ் செல்லாது. புண் ஆறற அந்த இடைவெளில காப்பீட்டு அப்ரூவலுக்கு அனுப்பச் சொல்லுங்க, ஒண்ணு முடிஞ்சாத்தான் இன்னொண்ணுன்னு உக்காந்திருக்காதீங்க. ஆஸ்பத்திரில காப்பீட்டு கவுன்டர்ல இருக்கறவர் பேரையும், அனுப்பின தேதியையும், கோரிக்கை நம்பரையும் குறிச்சுக்கோங்க. அனுப்பிட்டோம்மா இன்னும் வரலன்னு சொல்றதுல பாதி நாள் அனுப்பியே இருக்க மாட்டாங்க, இல்லன்னா ஒரு ரிப்போர்ட் குறையுதுன்னு திரும்பி வந்து அவங்க ஸ்கிரீன்லயே கிடக்கும்.

மார்பக கேன்சர், புரோஸ்டேட் கேன்சர் எலும்புக்குப் பரவினவங்களுக்கு ஜோலிட்ரானிக் ஆசிட்னு எலும்பு ஊசி போடுவாங்க. அதுலயும் இதே கதைதான், ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பல்லைக் காட்டிடணும், ஆரம்பிச்ச அப்புறம் பல் எடுத்தா தாடை எலும்பு ஆறாம வெளில தெரிய ஆரம்பிக்கலாம். இதை நோயாளி கிட்ட யாரும் சொல்றதில்ல, ஓபில நூறு பேர் நிக்கறாங்க. நீங்களே கேட்டாத்தான் உண்டு. கீமோ நடுவுல பல் வலி வந்தா தெருமுனை கிளினிக்ல எடுத்துடாதீங்க, வெள்ளணு, பிளேட்லெட் கவுன்ட் பார்த்து, எந்த சைக்கிளுக்கு நடுவுலன்னு கேன்சர் டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்கணும்.

டயாலிசிஸ்காரங்க கதை வேற மாதிரி. டயாலிசிஸ் அன்னைக்கு ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின்னு ஒரு மருந்து போட்டிருப்பாங்க, அன்னைக்குப் பல் எடுத்தா ரத்தம் நிக்காது, மறுநாள்தான் சரியான நாள். பல் பிரிவுல டோக்கன் கொடுக்கறவங்களுக்கு இது தெரியாது, செவ்வாய்க்கிழமை வாங்கன்னு சொல்லிடுவாங்க, உங்க டயாலிசிஸ் செவ்வாய், வெள்ளின்னா புதன் இல்லன்னா சனிதான் வேணும்னு நீங்கதான் அடிச்சுச் சொல்லணும். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ரத்தக்குழாயைச் சேர்த்து வச்ச கைல பிபி பார்க்க விடாதீங்க. பல் வலிக்கு மெடிக்கல் ஷாப்ல தர்ற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் மிச்சம் இருக்கற கிட்னியையும் கெடுக்கற மாத்திரை, பாராசிட்டமாலுக்கு மேல எது வேணும்னாலும் கிட்னி டாக்டர் சொல்லணும்.

வால்வு மாத்தினவங்களுக்கு, பல் எடுக்கறது மாதிரி ஈறுல ரத்தம் வர்ற எந்த வேலைக்கும் அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் முன்னாடி ஆன்டிபயாட்டிக் போடணும், இல்லன்னா கிருமி ரத்தத்துல போய் வால்வுல உக்காரும். அதே ஆளு ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் இல்லன்னா அசிட்ரோம் சாப்பிடுவார். இங்கதான் பெரிய தப்பு நடக்குது, பல் எடுக்கணும்னா அந்த மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்கன்னு அசால்ட்டா சொல்லி அனுப்பிடறாங்க. வால்வுல ரத்தம் கட்டி பக்கவாதம் வந்தா யாரு பொறுப்பு? பெரும்பாலான நேரம் ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறையுதுன்னு காட்டற ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்துட்டு, மாத்திரையை நிறுத்தாமலே, தையல் போட்டு எடுத்துடலாம். ஸ்டென்ட் வச்சவங்க சாப்பிடற ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரையையும் பெரும்பாலும் நிறுத்தாமலே எடுத்துடலாம். நிறுத்தறதா வேண்டாமான்னு இதய டாக்டர் எழுதின பேப்பர் இல்லாம ஒரு மாத்திரையும் நிறுத்தாதீங்க.

அப்புறம் ஒண்ணு, கோபம் வர்ற விஷயம். ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி இருக்குன்னு சொன்ன உடனே உபகரணம் இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு துரத்தறது. எல்லா நோயாளிக்கும் போடற அதே கிளவுஸ், அதே கருவி சுத்தம் போதும், தனி ரூம் தனி நாள்னு எதுவும் தேவையில்ல. ஹெச்ஐவி தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10, அது அரசு, தனியார் எல்லாருக்கும்தான், ஹெச்ஐவிங்கற காரணத்தால வைத்தியம் மறுத்தா அது சட்ட மீறல். வாய்ல மறுத்தா, அதையே ஓபி சீட்டுல எழுதிக் கொடுங்கன்னு அமைதியா கேளுங்க. எழுதச் சொன்னா பாதி பேர் பல்லைப் பார்த்துடுவாங்க.

ரிப்போர்ட் தர மாட்டேங்கறது அடுத்த அலைச்சல். எவ்வளவு ரேடியேஷன் கொடுத்தாங்க, எக்கோ என்ன, என்ன ஊசி போட்டாங்கன்னு தெரியாம எந்த பல் டாக்டரும் கையை வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. நீங்க எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள மருத்துவப் பதிவு நகல் தரணும்னு இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 விதியிலயே இருக்கு. பில் பாக்கி, டாக்டர் லீவு, ரெக்கார்டு ரூம் சாவி இல்ல, இதெல்லாம் விதியில இல்ல. ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, நகல்ல சீல் வாங்கிட்டு வாங்க. டிஸ்சார்ஜ் சம்மரியை லேமினேட் பண்ணாதீங்க, மேல எழுதவோ சீல் வைக்கவோ முடியாம போய்டும், ஜெராக்ஸ் நாலஞ்சு எடுத்து வச்சுக்கோங்க, போன்லயும் போட்டோ எடுத்துக்கோங்க.

கார்டுல அப்ரூவல் ஆன வைத்தியத்துக்கு மேல பணம் கேட்டா கட்டறதுக்கு முன்னாடி 1800 425 3993க்கு அடிங்க, அது காப்பீட்டுத் திட்டத்தோட இலவச எண். லைன் கிடைக்கலன்னா 104, அது சுகாதார உதவி எண். அதுக்கும் அசையலன்னா 1100, முதல்வர் உதவி மையம், இல்லன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் மனு. மனுல கதை எழுதாதீங்க, கார்டு நம்பர், ஆஸ்பத்திரி, கேட்ட தொகை, தேதி, கேட்டவர் எந்த கவுன்டர், அவ்வளவுதான். மனு கொடுத்ததுக்கு ஒப்புகைச் சீட்டு கைல வாங்காம அந்த ஹாலை விட்டு வராதீங்க.