பேசாத பிள்ளையைச் சமத்து என்று சொல்லாதீர்கள்

“ரொம்பச் சமத்து சார், இருக்கிற இடமே தெரியாது.” அப்பா அம்மா இல்லாமலோ, அவர்கள் கேரளத்துக்கோ செங்கல் சூளைக்கோ போய்விட்டதாலோ, 12, 13 வயது அக்காவின் கையில் வளரும் சின்னப் பிள்ளைகளுக்கு முக்கூடல், ஆலங்குளம் பக்கம் எல்லோரும் தரும் நற்சான்று இது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

3, 4 வயதுப் பிள்ளை பிடுங்கும், தள்ளும், அழும், அடுத்த நிமிஷம் அதே பிள்ளையோடு சேர்ந்து மண்ணைக் கிளறும். அப்படித்தான் பழக்கம் வரும். இதில் எதையும் செய்யாத பிள்ளை சமத்து இல்லை, ஒதுங்கக் கற்றுக்கொண்ட பிள்ளை. அக்கா மடியில் பீடித்தட்டு இருக்கும். தம்பி கை நீட்டித் தூள் கொட்டினால் அன்றைய கூலி குறையும், முதுகில் ஒன்று விழும். அசையாமல் இருந்தால் அடி இல்லை. அவன் படித்த பாடம் அதுதான். அவன் காதில் விழும் பேச்சும் “தொடாத, தின்னு, படு” என்பதோடு சரி. கேட்கும் முன்பே தண்ணீர் வந்துவிடும். தெருவில் சண்டை என்றால் அக்கா ஓடிவந்து முடித்துவைப்பாள். பிறகு கேட்கவும், விட்டுக்கொடுக்கவும், சமாதானமாகவும் எங்கே பழகுவான்? அவளைக் குறை சொல்லவில்லை. அவளும் பிள்ளைதானே.

இன்னொரு வகை, “யார்ட்டயும் ஒட்டிக்கிடுவான்” என்று கொஞ்சப்படும் பிள்ளை. முன்பின் தெரியாதவர் மடியில் ஏறுகிற பிள்ளை, கூப்பிட்டவர் பின்னால் போயும்விடும். இதில்தான் எனக்குப் பயம் அதிகம்.

முதலில் காதைப் பரிசோதியுங்கள். பேசாத பிள்ளைக்குக் கேட்கிறதா என்று யாரும் பார்ப்பதே இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காட்டலாம்.

அங்கன்வாடி டீச்சர்களுக்கு: இருபது பிள்ளைகள் நடுவில் தள்ளி “போய் விளையாடு” என்றால் சுவரோடுதான் ஒட்டுவான். ஒரே ஒரு பிள்ளை, ஒரே பந்து, எதிரெதிரே உட்கார்ந்து உருட்டட்டும். “இப்ப உன் முறை” என்று நீங்கள் சொல்லிக்கொடுங்கள். தினம் ஐந்து நிமிஷம் போதும். அது பழகிய பிறகு மூன்றாவது பிள்ளை. சாப்பாட்டுத் தட்டை நீட்டிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள், அவன் வாய் திறக்கட்டும். திறக்காவிட்டால் கொடுத்துவிடுங்கள், பட்டினி போட்டுப் பழக்க வேண்டாம். அழுகிறான் என்று அக்காவை வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

பக்கத்து வீட்டுக்காரர்களே, “அக்கா பாத்துக்கிடுவா” என்று நகராதீர்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்கள் திண்ணையில் உங்கள் பிள்ளைகளோடு அவனும் இருக்கட்டும். பெரியவர் துணையே இல்லாத வீடு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பெற்றோர் இருவரும் இறந்திருந்தால் தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் உண்டு. ஒருவர் இறந்து மற்றவரால் பராமரிக்க முடியாவிட்டாலும் கேட்கலாம். ரேஷன் கார்டு, ஆதார், இறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக்காரர்கள் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கும், ஆலங்குளத்துக்காரர்கள் தென்காசிக்கும் போக வேண்டும். அந்தச் சிறுமியைத் தனியே அலையவிடாமல் பெரியவர் ஒருவர் கூடப் போங்கள்.